வராதவர்களுக்கு ஓர் இலை

காபியிலும் அந்த ருசி இருந்தது.

முதல் மடக்கை விழுங்காமல் நாக்கில் நிறுத்திக்கொண்டு அழகுசுந்தரம் வீட்டின் உள்முற்றமான வளவின் ஓரத்தில் நின்றான். ஊசிப்போன புளிச்சாறு, காறிப்போன நெய், இரண்டுக்கும் அடியில் ஈரச்சாக்கின் முடை. ஸ்டுட்கார்ட்டில் எதைத் தின்றாலும் குடித்தாலும் வாயில் வந்து உட்காருகிற அதே ருசி, கானாடுகாத்தானில் பித்தளை டம்ளரில் இப்போது கறந்த பாலில் போட்ட காபியிலும் உட்கார்ந்திருந்தது. ஊர் மண்ணை மிதித்தால் சரியாகிவிடும் என்று இரண்டு விமானம் மாறி வந்தவனுக்கு அழுகைதான் வந்தது. முற்றத்துத் தூம்பு வாயில் அதைத் துப்பிவிட்டு, மீதியையும் யாரும் பார்க்காமல் ஊற்றினான்.

அங்கே இருந்தவரை இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றார் ஆபீசில் ஒருவர். அட்டைப் பெட்டிப் பால்தான் என்றாள் மனைவி சிவரஞ்சனி. டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்து போனால், நாக்கை நீட்டச் சொல்லி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று கைகுலுக்கி அனுப்பினார். அதற்குள் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். உங்கள் வீட்டிலிருந்து அழுகல் வாடை இறங்குகிறது, எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று இன்னுமா தெரியவில்லை என்று கேட்டாள். மசாலாவைச் சொல்கிறாளாக்கும் என்று கூசிப்போய் சிவரஞ்சனி தாளிப்பதையே நிறுத்தினாள். ரொட்டியும் வெண்ணெயும் தின்று கிடந்தார்கள். வாடையும் போகவில்லை, அவள் கதவைத் தட்டுவதும் நிற்கவில்லை.

இதெல்லாம் அந்நிய தேசத்துச் சங்கடங்கள் என்றுதான் எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் மெஷினை ஓட்டக் கூடாது. விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் எப்போது தருவார்கள் என்று கேட்கவும் கூடாது. ஒரு வருஷம் பாஸ்போர்ட், ஒரு வருஷம் நோய்த்தொற்று, ஒரு வருஷம் வேலை மாற்றம் என்று ஊருக்கு வராமல் போனதற்கு அவனிடம் இருந்தவை எல்லாமே சில்லறைக் காரணங்கள். ஏழு வருஷம் ஓடிவிட்டது. அங்கேயே பிறந்த மகள் தீக்ஷா இந்த வீட்டைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

போன மாதம் அவள் பால் டம்ளரைத் தள்ளிவிட்டாள். நாறுது என்றாள். மறுநாள் இட்லியையும், அதற்கு மறுநாள் ரொட்டியையும் தள்ளினாள். பிள்ளை அடம் என்று சிவரஞ்சனி அதட்டினாள். எப்படி நாறுது என்று அழகுசுந்தரம் கேட்டதற்கு, "ஈரத் துணிய வாயில வச்ச மாதிரிப்பா" என்றாள். அன்றைக்குத்தான் பயம் வந்தது. தான் சகித்துக்கொண்டது அவளுக்கும் தொற்றியிருக்கிறது. குளிக்க வைக்கும்போது அவளுடைய விலா எலும்புகள் தெரிந்தன.

அதே வாரம் பெரியப்பா மகன் முத்துக்கருப்பன் ஊரிலிருந்து கூப்பிட்டார். "டேய் அழகு, பூட்டிக் கெடக்க ஒன் அறைக்குள்ள என்னமோ செத்து நாறுது. பக்கத்து ஓட்டல்லருந்து ஆள் மேல ஆள் அனுப்புறாக. வெள்ளைக்காரவுக மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாகளாம். சாவி ஒன்கிட்டல்ல இருக்கு" என்றார். இங்கே ஒரு வீட்டுக்குள் பங்காளிகள் எத்தனை பேரோ அத்தனை அறை, அத்தனை பூட்டு. ஒருவன் அறையை இன்னொருவன் திறப்பது வழக்கமில்லை, இடிந்து விழுந்தாலும் சரி. அழகுசுந்தரத்தின் சாவி ஸ்டுட்கார்ட்டில் கரண்டி வைக்கும் இழுப்பறையில் கிடந்தது. பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்கு அழைத்துப்போக அனுமதி தர முடியாது என்று தீக்ஷாவின் பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தனியாகத்தான் கிளம்பினான்.

"என்ன தம்பி, காபி நல்லால்லையா? இப்பிடித் துரும்பாப் போயிட்டீகளே."

முத்துக்கருப்பனின் மனைவி சாலா டம்ளரை வாங்க வந்து நின்றாள். வயதில் அவனைவிடச் சற்று மூத்தவள்தான், ஆச்சி என்று கூப்பிடுவது இந்த ஊர் மரியாதை. இத்தனை பெரிய வீட்டில் இன்று குடியிருப்பது அவளும் கணவரும் மட்டும்.

"நல்லாருந்துச்சு ஆச்சி. மொதல்ல அந்த அறையத் திறந்து பாத்துர்றேன்."

"இன்னைக்கா? படைப்பு அன்னைக்குச் செத்த எலியத் தூக்கிக்கிட்டுத் திரிவீகளா? பங்காளிக எல்லாரும் வந்து சாப்ட்டுப் போகட்டும். சாயங்காலம் திறங்க" என்றாள்.

வருஷத்துக்கு ஒரு முறை மாசியில், வீட்டில் இறந்துபோனவர்களுக்கு இலை போட்டுச் சோறு படைக்கிற நாள் அது. ஏழு வருஷமாக அவன் தவறவிட்ட நாள். அவன் தலையாட்டினான்.

வெயில் ஏற ஏற வீடு நிறைந்தது. காரைக்குடியிலிருந்தும் வலையபட்டியிலிருந்தும் பங்காளிகள் கார்களில் வந்து இறங்கினார்கள். ஜெர்மனியில் குளிர் எப்படி, அரிசி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். சமையல் கட்டிலிருந்து, அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியும் நெய்யும் மணத்தன. அந்த மணத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. வளவின் மேற்கு மூலையில், வெயில் எந்தக் காலத்திலும் எட்டாத இடத்தில், அவன் அறை. அந்தப் பக்கம் போன காற்று திரும்பி வரும்போது அதைக் கொண்டுவந்தது. கெட்டுப்போன இறைச்சி நாற்றம் இல்லை அது. எலி இல்லை என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. வெளியே இருந்து மூக்குக்கு வந்ததைவிட, உள்ளே இருந்து தொண்டைக்கு ஏறியதுதான் அதிகம். எச்சிலைக் கூட்டி விழுங்கினான். அதே ருசி. இங்கே கெட்டியாக இருந்தது. உமிழ்நீரே கொழகொழத்து, பல்லிடுக்கில் யாரோ தின்றதன் மிச்சம் சிக்கியிருப்பதாக நாக்கு துழாவிக்கொண்டே இருந்தது.

ஒருமுறை கொல்லைக்குப் போய்க் குமட்டிவிட்டு வந்தான்.

உச்சி வேளைக்குச் சாமி அறையில் இலைகள் விழுந்தன. இருட்டு அறை, ஒற்றை விளக்கு. சாலா ஒவ்வோர் இலைக்கும் உரியவர் பெயரைச் சொல்லிச் சோறு வைத்தாள். இது பெரிய ஐயாவுக்கு. இது உங்க அப்பச்சிக்கு. வாசற்படியில் நின்று பார்த்த அழகுசுந்தரத்துக்கு, அப்பச்சி என்று அவள் சொன்ன அப்பாவின் இலையைக் கண்டதும் கண் கரித்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தலைவாழை இலை விழுந்தது. அதன் அருகே சின்னதாக ஒரு நுனி இலை. அவற்றுக்குச் சோறு வைக்கும்போது அவள் உதடு மட்டும் அசைந்தது. சின்ன இலையில் மண்டி வைக்கவில்லை. கிண்ணத்திலிருந்து பால் பணியாரங்களைப் பாலோடு எடுத்து விட்டாள்.

சூடம் காட்டிய பிறகு அந்த இரண்டு இலைகளையும் கைக்கொன்றாக, தட்டு ஏந்துவதுபோல் கவனமாக ஏந்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள். காக்கைக்காக இருக்கும் என்று நினைத்தான். முத்துக்கருப்பன் சாமி அறைக் கதவைச் சாத்தினார். உள்ளே இறந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது, எந்தக் கதவையும் திறக்கக் கூடாது. வளவில் இருந்த அத்தனை பேரும் அடங்கினார்கள். மின்விசிறியைக்கூட யாரோ நிறுத்தினார்கள்.

சாலா கொல்லைக்குப் போகவில்லை. மேற்கு நடைக்குள் திரும்பினாள்.

அவன் பின்னாலேயே போனான். நடையின் கடைசியில் அவன் அறையின் சன்னல், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு கம்பி கழன்று இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து, கம்பி இல்லாத இடத்தின் வழியாகப் பெரிய இலையைச் சரித்து உள்ளே விட்டாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. பழகிய கை. சன்னல் விளிம்புப் பலகையில் எண்ணெயும் புளியும் படிந்து கறுத்து, விரல் வைத்தால் ஒட்டும் பிசினாக இருந்தது. அதில் பழைய சோற்றுப் பருக்கைகள் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தன. அவனுக்கு வாய்க்குள் தண்ணீர் சுரந்தது, குமட்டலுக்கு முன் சுரக்குமே அது.

"ஆச்சி, என்ன செய்றீக?"

அவள் திடுக்கிட்டாலும் சிரித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க பங்கு தம்பி. வருஷா வருஷம் எல்லாருக்கும் இலை விழுது, ஒங்களுக்கு மட்டும் இல்லை. அங்குட்டு என்னத்தத் தின்னுட்டுக் கெடக்காகளோன்னு மனசு கேக்கல. நான்தேன் ஒரு இலை சேத்துப் போட்டேன். அப்பச்சி இலைக்குப் பக்கத்துல, ஒங்க பேரச் சொல்லி."

"உயிரோட இருக்கவனுக்கா?"

"வராதவுகளுக்குத்தானே தம்பி இலை போடுறோம். மத்த இலைச் சோத்த நாங்க பங்கு வச்சுச் சாப்புடுவோம். ஒங்கள்த எடுக்க எனக்கு மனசு வரல. அதேன் ஒங்க அறைக்குள்ளயே விட்டுர்றது. இப்பல்லாம் அமாவாசைக்கு அமாவாசை போடுறேன்." அவள் முகம் மலர்ந்தது. "மறுநா எட்டிப் பாத்தா ஒரு பருக்கை மிச்சமிருக்காது. எனக்கு அம்புட்டுத் திருப்தி."

அவன் தொண்டையில் வெண்டைக்காயின் கொழகொழப்பு மெதுவாக இறங்கியது. அவன் காலையிலிருந்து எதையும் தின்னவில்லை.

"இன்னைக்கு நான் வந்துட்டேனே ஆச்சி."

"போட்ட இலைய நிறுத்தலாமா?" என்றபடி அவள் சின்ன இலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அது யாருக்கு என்று கேட்க அவன் வாயைத் திறந்தான். கேட்காமலே அவள் சொன்னாள்.

"பாப்பாவுக்கு. பொங்கலன்னைக்குப் போன்ல, எனக்கெல்லாம் பணியாரம் கெடையாதா பெரியம்மான்னு கேட்டுச்சே. தை அமாவாசைலருந்து அதுக்கும் போடுறேன்."

"வேண்டாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கை உள்ளே போய் வெறுமையாக வெளியே வந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சிவரஞ்சனி. இங்கே உச்சி, அங்கே பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரம். திரையில் சமையலறை விளக்கு, சாப்பாட்டு மேசை, பால் டம்ளர், அதற்குப் பின்னால் தீக்ஷாவின் சின்ன முகம். சன்னலில் மங்கலாக விடிந்திருந்தது.

"நீங்களே கேளுங்க" என்றாள் சிவரஞ்சனி. குரலில் எரிச்சலும் பயமும் கலந்திருந்தன. "பால் இன்னும் தொடவே இல்லை. வாய்ல ஏதோ இருக்குங்கறா. தொறந்து பாத்தா ஒண்ணுமில்லை."

"அப்பா," என்றாள் தீக்ஷா. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. "உருண்டையா இருக்கு. வழவழன்னு. நான் வைக்கலப்பா. அதுவா வந்துச்சு."

அறைக்குள் சத்தம் கேட்டது.

எலியின் கொறிப்பு இல்லை. நிதானமாக, பிசைந்து, உறிஞ்சி, விரலை நக்கும் சத்தம். இலையில் சோறு வழிக்கப்படும் சத்தம். ஒன்று கனமானது. இன்னொன்று சின்னது, பால் உறிஞ்சுவது.

அவன் ஓடினான். வளவில் அத்தனை தலைகளும் திரும்பின. இடுப்பில் செருகியிருந்த நீளச் சாவியை உருவிப் பூட்டில் நுழைத்தான். முத்துக்கருப்பன் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"டேய், என்னடா செய்றே. அவுக சாப்புடுறாக. இப்பக் கதவத் திறக்கக் கூடாது."

"விடுங்கண்ணே. எம் பிள்ளை."

கதவு திறந்தது. வாடை முகத்தில் அறைந்தது. முத்துக்கருப்பன் கையை விட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

அறை சுத்தமாக இருந்தது. அதுதான் முதலில் அவனைக் கலங்கடித்தது. புழு இல்லை, சோற்றுச் சிதறல் இல்லை. ஒரு மூலையில் காய்ந்த இலைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, இடுப்பு உயரத்துக்கு. ஒவ்வொன்றும் மடிக்கப்பட்டிருந்தது. கல்யாணப் பந்தியில் தன் பக்கமாக மடிப்பார்களே, அப்படி இல்லை. கருமாதிப் பந்தியில் மடிப்பதுபோல், தன்னைவிட்டு அப்பால். போன் வெளிச்சத்தைச் சுவரில் திருப்பினான். கண்ணாடியாக வழவழத்த வெள்ளைச் சுவரில், உட்கார்ந்தவன் தலை சாய்க்கும் உயரத்தில், கறுப்பாக எண்ணெய்ச் சிக்கு. வருஷக்கணக்கில் ஒரே தலை ஒரே இடத்தில் சாய்ந்தால் விழும் கறை. அதில் நாலைந்து முடிகள் ஒட்டியிருந்தன. நரைக்கத் தொடங்கிய, சுருட்டையான முடி. அவன் முடி.

அதற்குப் பக்கத்தில், தாழ்வாக, இன்னொரு கறை. சின்னது. இன்னும் காயவில்லை.

பெரிய இலை பாதி காலியாகியிருந்தது. சின்ன இலையில் பாலில் பணியாரங்கள் மிதந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அமுங்கியது. நசுங்கியது. இல்லாமல் போனது.

"ம்ம்" என்றாள் தீக்ஷா போனில். வாய் நிறைந்த குரல்.

யோசிக்க நேரமில்லை. அது தின்பதற்குள் தான் தின்றுவிட வேண்டும். இலையில் எதுவும் மிஞ்சக் கூடாது. போனைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சின்ன இலை முன்னால் மண்டியிட்டான். பால் அதற்குள் திரிந்து நூல் விட்டிருந்தது. பணியாரங்களின் மேல் சளிபோல் ஓர் ஏடு. குமட்டலை அடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்தான். மென்றான். விழுங்கினான்.

ருசியே இல்லை.

ஏழு வருஷத்தில் முதல் முறையாக வாயைக் கழுவிவிட்டதுபோல் இருந்தது. புளிப்பு இல்லை. முடை இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"போதும்பா" என்று தீக்ஷா திணறினாள். "ரொம்ப வருது. அப்பா, போதும்."

கை நின்றது.

திரையில் சிவரஞ்சனி பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். விரல் வெறுமையாக வந்தது. மறுபடி விட்டாள். வெறுமை. தீக்ஷாவின் இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. கண்ணில் நீர் வழிந்தது.

அவன் மென்றதைக் காறித் துப்பினான். துப்பியதில் எதுவும் இல்லை. வெறும் எச்சில்.

சின்ன இலையில் கடைசிப் பணியாரம் அசைந்தது. தட்டிவிடக் கை நீட்டினான். விரல்கள் ஈரமான எதன்மேலோ பட்டன. சின்ன விரல்கள். கொழகொழத்தவை. வெதுவெதுப்பானவை. அவை அவன் கையைப் பொறுமையாக விலக்கி வைத்தன.

பணியாரம் போனது. பாலும் போனது. இலையை நாக்கு வழித்தது, இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை.

அப்புறம் அமைதி.

போனில் சத்தமில்லை. அழுகை நின்றிருந்தது. அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். சிவரஞ்சனி நாற்காலியைவிட்டுப் பின்னால் நகர்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு மகளைப் பார்த்தபடி நின்றிருந்தாள். தீக்ஷா பிறந்ததிலிருந்து தட்டில்தான் சாப்பிட்டிருக்கிறாள், இலையை நேரில் கண்டதில்லை. வெறும் மேசையில் அவளுடைய இரண்டு கைகளும் எதிலோ ஒட்டிக்கொண்டவைபோல் கிடந்தன. அவற்றைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக நக்கி முடித்தாள். பிறகு, தன் பக்கத்து விளிம்பைப் பிடித்துத் தூக்குவதுபோல் காற்றைத் தூக்கி, அதைத் தன்னைவிட்டு அப்பால் மடித்தாள்.

அவன் முழங்காலுக்கு முன்னால், தரையில், சின்ன இலையும் மடிந்தது.